பக்கவாதமும் பண்டிகையும்: ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் முதல் ஆண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரே வீட்டில் நடந்தது இல்லை. பக்கவாத மறுவாழ்வுப் பணியில் பார்த்த சில கத்தோலிக்கக் குடும்பங்களை ஒன்றாகக் கலந்து, யாரென்று தெரியாதபடி ஒரு குடும்பமாக ஆக்கியிருக்கிறேன். நோயின் போக்கும் சிகிச்சையும் திருச்சபை விதிகளும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

நோயாளியின் கோப்பில் 'மதம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியதோடு மருத்துவக் குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபின் எழும் கேள்விகளில் பாதி அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. நற்கருணை (திருப்பலி வழிபாட்டில் கொடுக்கும் அப்பம்) வாங்கலாமா? பெரிய வெள்ளியன்று மாத்திரை போடலாமா? கிறிஸ்துமஸுக்கு யாரைக் கூப்பிடுவது, யாரிடம் இப்போது வேண்டாம் என்பது? இவற்றை டாக்டரிடம் கேட்க வீட்டாருக்குக் கூச்சம், சாமியாரிடம் கேட்கப் பயம். கேட்காமலே வீட்டில் யாராவது ஒருவர் முடிவெடுத்துவிடுவார். அநேகமாக, பயத்தில் எடுத்த முடிவாக இருக்கும்.

நோயாளியும் வீடும்

தந்தைக்கு 61 வயது. பணி ஓய்வு பெற்றவர். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவர். அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், அவர் குரலைத் தெரியாதவர்கள் இல்லை. பிபி பல ஆண்டுகளாக இருந்தது, மாத்திரை மட்டும் நினைத்தால் போடுவது. அக்டோபர் கடைசியில் மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சில் 'ம்', 'இல்ல' என்ற இரண்டுதான் மிஞ்சின. மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது.

மனைவிக்கு 57. மூத்தவள் மகள், கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள், பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். இளையவன் வெளியூரில் வேலை, கோவிலுக்குப் போவதை விட்டு நாளாகிவிட்டது. இவர்களோடு மனைவியின் அக்காவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் ஒரு செபக்குழுவில் தீவிரமாக இருப்பவர்.

எண்ணெய்

ஐசியுவில் இரண்டாம் நாள் உறவினர் ஒருவர், "ஃபாதரைக் கூப்பிடலாமே" என்றார். மகள் மறுத்துவிட்டாள். "சாமியார் எண்ணெயோட வந்தா அப்பா நாம செத்துப்போறோம்னு நினைச்சுப்பார்." அவள் பயத்தில் அர்த்தம் இல்லாமலில்லை. முன்பெல்லாம் அவஸ்தைபூசுதல், அதாவது நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் சடங்கு, என்றால் மூச்சு இழுக்கும் நேரத்தில் கொடுப்பது. வீட்டுப் பெரியவர்கள் மனதில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருளடையாளம் (புனிதச் சடங்கு) இல்லை என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. 1972-இல் சடங்குமுறையும் திருத்தப்பட்டது. நோய் கடுமையானாலே கொடுக்கலாம், பிழைத்து மறுபடி நோயுற்றால் திரும்பவும் கொடுக்கலாம்.

வீட்டார் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் அவரைக் கேட்கவில்லை. பேச்சிழந்தவரிடம் கேட்க முடியாது என்று எல்லோரும் எப்படியோ முடிவுகட்டிவிடுகிறோம். நர்ஸ் ஒரு தாளில் ஒரு சிலுவையும், பக்கத்தில் 'ஃபாதர் வரட்டுமா?' என்றும், கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்றும் பெரிதாக எழுதிக் காட்டினார். இடது கை விரல் நேராக 'ஆம்' மேல் போய் நின்றது.

நான்காம் நாள் பங்குத்தந்தை வந்தார். நெற்றியிலும் கைகளிலும் பூச வேண்டும். இடது கையில் டிரிப் ஊசி, சுற்றிலும் பிளாஸ்திரி. அதனால் அந்தக் கையில் விரல் நுனியில் மட்டும் தொட்டுவிட்டு, செயலிழந்த வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, நிதானமாகப் பூசினார். அதுவரை அந்தக் கையை வீட்டார் யாரும் தொடவில்லை. வலிக்குமோ என்று பயம். பிசியோதெரபிஸ்ட் அந்தக் கையைப் பிடியுங்கள், தேய்த்துவிடுங்கள், அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தும் நடக்காதது, அன்றைக்கு மாலையிலிருந்து நடந்தது. மனைவி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செபமாலையில் வந்த பேச்சு

மூன்றாவது வாரம் வார்டில் மனைவி வழக்கம்போல மெதுவாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பாதியை அவர் சொல்லி நிறுத்தியதும், படுக்கையிலிருந்து "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." என்று குரல் வந்தது. குழறல்தான், ஆனால் முழு வாக்கியம். வீட்டில் பல ஆண்டுகளாகப் "புனித மரியே, இறைவனின் தாயே" என்றுதான் சொல்கிறார்கள். அவர் வாயில் வந்தது சிறுவயதில் பாட்டியிடம் கற்ற பழைய வடிவம்.

வார்டே கூடிவிட்டது. அற்புதம் என்றார் அக்கா. மகள் ஓடிவந்து, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், எதுவும் வரவில்லை. முகம் சிவந்து அழுதுவிட்டார். மகளுக்கு அந்த இரவு மற்ற எந்த இரவையும்விட மோசமாக இருந்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட் மறுநாள் விளக்கினார். நினைத்ததை வார்த்தையாக்கிப் பேசுவது ஒரு வழி. ஆயிரம் முறை சொல்லிப் பழகியது தானாக வருவது இன்னொரு வழி. இடப்பக்க மூளை பாதிக்கும்போது முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது பலருக்குத் தப்பிவிடுகிறது. ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகளின் பெயர், பாட்டு, வசவு, செபம் எல்லாம் இந்த வகை. வலப்பக்கம் விழுந்து பேச்சிழந்த ஒருவர் ஞானப்பாடல்களைப் பாடியதையும், கூட ஒருவர் சேர்ந்து சொன்னால் செபம் சொன்னதையும் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வீடனில் எழுத்தாளர் ஓலோஃப் டாலின் எழுதி வைத்திருக்கிறார். செபமாலை இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது: ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்க, அதே சொற்கள், அதே தாளம், பத்துப் பத்தாக.

இந்த விளக்கத்தை வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். 'அப்ப இது வெறும் பழக்கம்தானா' என்று மனைவிக்கு வருத்தம். 'அப்ப பேச்சு திரும்பலையா' என்று மகளுக்கு ஏமாற்றம். தெரபிஸ்ட் இரண்டையும் கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடங்கினார். ராகமும் தாளமும் வைத்துச் சொற்றொடர்களைப் பழக்கும் முறை ஒன்று 1973 முதல் இருக்கிறது. மனைவி செபத்துக்குத் தட்டும் அதே தாளத்தில், இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டு, 'தண்-ணி வே-ணும்' என்று பழக்கினார்கள். டிசம்பர் நடுவில் அது தட்டாமலே வந்தது. செபத்தால் வந்ததா பயிற்சியால் வந்ததா என்ற விவாதம் அந்த வீட்டில் இன்னும் நடக்கிறது. எனக்கு அதில் கருத்து இல்லை. தினமும் மாலை அரைமணி நேரம் அவர் வாய் அசைந்தது, அது போதும்.

அந்த அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையை அடக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். சின்னத் தூண்டுதலுக்கே கண்ணீர் கொட்டும், பேச்சை மாற்றினால் நின்றுவிடும். திருப்பலிப் பாடல் கேட்டாலே இவர் அழுதார். உறவினர்கள் 'மனசு உடைஞ்சுபோச்சு' என்றும், செபக்குழுவினர் 'ஆவியானவர் தொட்டார்' என்றும் சொன்னார்கள். மனச்சோர்வு வேறு விஷயம். அது பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருகிறது. தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் குறையும், மருந்தும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது மருத்துவரின் வேலை. இவருக்கு முதல் வகைதான் என்று தெரிந்த பிறகு வீட்டார் பாட்டை நிறுத்தவில்லை. கைக்குட்டையைப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஒரு துண்டு அப்பம்

இந்தக் குடும்பத்தில் நடந்த பெரிய சண்டை நற்கருணை பற்றியது. ஞாயிறன்று நற்கருணை கொண்டுவந்த பணியாளர் கட்டிலருகே நின்றார். தலைமாட்டில் 'வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்ற அட்டை. மனைவி, "அது சாப்பாட்டுக்கு, இது ஆண்டவர்" என்றார். நர்ஸ் தடுத்தார். வார்த்தை தடித்தது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. புரை ஏறி இருமினாலாவது தெரியும். விழுங்கும் தசைகள் உணர்விழந்தவர்களுக்கு இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பிறகு நிமோனியா. அப்பம் மெல்லியதுதான், ஆனால் காய்ந்தது, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழுதான பக்கத்துக் கன்னத்தில் அது ஒட்டிக் கிடப்பது அவருக்கே தெரியாது. இன்னொரு பக்கம், வாராவாரம் தவறாமல் வாங்கியவருக்கு அது மறுக்கப்படுவது என்ன உணர்வைத் தரும் என்று அட்டை தொங்கவிட்டவர் யோசித்திருக்க மாட்டார்.

இதற்கு வழி திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பத்தை விழுங்க முடியாதவருக்குத் தேவையின்போது திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாம் (சட்டம் 925). அப்பத்தின் மிகச் சிறிய துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது 1551-இல் திரெந்து சங்கம் உறுதிப்படுத்திய போதனை. ஆகவே முழு அப்பம் வேண்டியதில்லை. எதுவுமே முடியாத நாளில் ஆன்மீக முறையில் நற்கருணை வாங்கும் செபம் இருக்கிறது. மருத்துவத்தின் பக்கம் பார்த்தால், இவருக்கு நீர்த்த திரவம்தான் அதிக ஆபத்து, அதனால் இரசம் சரிவரவில்லை. ஸ்பீச் தெரபிஸ்டும் பங்குத்தந்தையும் போனில் பேசி ஒரு முறையை வகுத்தார்கள். எனக்குத் தெரிந்து அது பத்து நிமிடப் பேச்சு.

அட்டை எடுக்கப்பட்ட பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் கடைசி ஞாயிறன்று அதைச் செய்தோம். நேராக உட்கார்த்தி, முதுகுக்குத் தலையணை. முதலில் வாயை ஈரப்படுத்துவது. அரிசியளவு அப்பத்துண்டை நாக்கின் இடப்பக்கம் வைப்பது. தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கச் சொல்வது. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரு கரண்டி கெட்டியாக்கிய தண்ணீர், மறுபடி விழுங்குவது, வாயைத் திறக்கச் சொல்லி வலது கன்னத்தின் உட்புறம் பார்ப்பது. அரைமணி நேரம் படுக்கக் கூடாது. மற்ற நோயாளிகளுக்கு இதே முறை பொருந்தும் என்று சொல்லவில்லை. விழுங்கலைப் பரிசோதித்தவர்தான் அவரவருக்குச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ்

வருடம் தவறாமல் செய்ததை எல்லாம் செய்தாக வேண்டும் என்று மனைவி. எதுவும் வேண்டாம், அப்பா தூங்கட்டும் என்று மகள். நடு இரவுத் திருப்பலிக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போவதா என்பதில் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் யோசித்தால் அது பிரச்சினையே இல்லை. நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் கடன் திருநாளில் திருப்பலிக்குப் போயாக வேண்டும் என்ற கடமையே இல்லை. போக ஆசையென்றால் 24-ஆம் தேதி மாலைத் திருப்பலியும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாத் திருப்பலிதான். மாலையில் போய்விட்டு வந்தார்கள். மைக் சத்தத்திலிருந்து தள்ளி, பக்கவாட்டுக் கதவருகே, பாதியில் எழுந்து வர வசதியாக உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்த கூட்டம்தான் கஷ்டப்படுத்தியது. பேச்சிழந்தவருக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் எதுவும் ஏறாது. டிவியும் ஓடினால் கேட்கவே வேண்டாம். வந்தவர்கள் அவருக்குக் காது கேட்காது என்பதுபோல உரக்கப் பேசினார்கள், அல்லது மனைவியிடம், "சாப்பிடுறாரா?" என்று அவரைத் தாண்டிக் கேட்டார்கள். ஒரு உறவினர் பாசத்தில் வலது அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். தசை தளர்ந்த தோள்பட்டை அந்த மாதிரி இழுப்பைத் தாங்காது. அந்த வலி ஜனவரி முழுக்க பிசியோதெரபியைக் கெடுத்தது. அடுத்த நாள் மகள் வாசலில் ஒரு தாள் ஒட்டினாள்: இருவர் இருவராக, கால் மணி நேரம், அவரிடமே பேசுங்கள், வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அம்மாவுக்கு அது அவமானமாக இருந்தது. தாள் இருந்த நாட்களில் அவர் மத்தியானம் தூங்கி எழுந்து சாயங்காலம் கிறிஸ்துமஸ் குடில் முன் உட்கார்ந்தார் என்பதைப் பார்த்த பிறகு, புத்தாண்டுக்கு அம்மாவே புதுத் தாள் எழுதினார்.

'என்ன பாவமோ'

ஜனவரியில் அக்கா தன் செபக்குழுவோடு வந்தார். முதல் நாள் நல்ல செபம். இரண்டாம் நாள், குணமாகாததற்கு அறிக்கையிடாத பாவம் ஏதோ தடையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நோயாளிக்கு நன்றாகப் புரிந்தது. மறுத்துப் பேச வாயில்லை. அன்றிரவிலிருந்து பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை, செபமாலைக்கும் வாய் திறக்கவில்லை.

இதை நான் மனக்கஷ்டமாக மட்டும் பார்க்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா', 'அவர் என்னை நேசிக்கிறாரா' என்று உள்ளுக்குள் போராடியவர்களிடையே, மற்றக் காரணிகளைக் கழித்த பிறகும், இறப்பு அதிகமாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி முகத்தில் தெரியும்போது கடந்துபோகக் கூடாது என்பதற்கு அது போதும். செபக்குழுக்களுக்கும் ஒரு தகவல்: 2006-இல் வெளியான, 1,802 இதய பைபாஸ் நோயாளிகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், தங்களுக்காக முன்பின் தெரியாதவர்கள் செபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்தன, உறுதியாகத் தெரியாதவர்களில், செபிக்கப்படாத பிரிவில் 51, செபிக்கப்பட்ட பிரிவில் 52 சதவீதம். செபம் கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. தனக்காகச் செபிக்கிறார்கள் என்று தெரிவதே நோயாளிமேல் ஏதோ எதிர்பார்ப்பை ஏற்றிவைக்கிறதோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள்.

பங்குத்தந்தையை வரச் சொன்னோம். அவர் பிரசங்கம் செய்யவில்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து, பிறவிக் குருடரைப் பற்றிச் சீடர்கள் கேட்ட கேள்வியையும், "இவர் செய்த பாவமும் அல்ல, இவர் பெற்றோர் செய்த பாவமும் அல்ல" என்ற பதிலையும் வாசித்தார். அப்புறம் விரலால் நோயாளியின் பிபி மாத்திரை அட்டையைத் தட்டி, "காரணம் இங்க இருக்கு சார்" என்றார். நோயாளி சிரித்தார். எனக்கு அந்தப் பதில் சற்றுக் கூர்மையாகத்தான் பட்டது, ஆனாலும் வேலை செய்தது. அக்காவை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தனியாக வந்து செபமாலையில் சேர்ந்துகொள்ளலாம், குழு வேண்டாம் என்று மகன் போனில் பேசி முடித்தான். கோவிலுக்குப் போகாதவன்தான் இதைச் சண்டையில்லாமல் சொல்ல முடிந்தது.

தவக்காலமும் மாத்திரையும்

தவக்காலம் தொடங்கும் நோன்பு நாளான சாம்பல் புதனன்று அவர் காலைத் தட்டைத் தள்ளினார். சாப்பிட்ட பின் போட வேண்டிய மாத்திரைகளும் அதோடு போயின. பக்தி திரும்புகிறது என்று மனைவிக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. சாயங்காலம் மகள் பிபி பார்த்தபோது 182/104. ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வராமல் தடுப்பதில் பிபி கட்டுப்பாட்டைவிடப் பெரியது எதுவுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்திருந்தாலும் அன்றைக்கு நோன்பிருக்கக் கடமைப்பட்டவர் இல்லை. சட்டம் 1252-இன்படி நோன்புக் கடமை 18 வயதில் தொடங்கி, 60-ஆம் வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. நோயாளிகளுக்கு அதற்கு முன்பே விலக்கு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்புகூட முதியவர்களையும் நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டாது (919). நாற்பது ஆண்டுகள் கோவில் வேலை பார்த்த குடும்பத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தாளில் மூன்று வரி எழுதிக் காட்டினோம்: 'வயது 61. நோன்பு இல்லை. மாத்திரை உண்டு.' படித்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் போகவில்லை. தானே தேர்ந்தெடுத்தது இரவு டிவிச் செய்தி. பெரிய வெள்ளி வரை அந்த நேரத்தில் டிவி அணைந்திருந்தது, தூக்கமும் நன்றாக வந்தது.

மனைவியின் நேர்ச்சை

இது பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகுதான் வெளியே வந்தது. ஐசியு வாசலில் மனைவி ஒரு நேர்ச்சை செய்திருந்தார்: 'இவர் எழுந்து நடந்தால், திருத்தலத்துப் படிகளில் முழங்காலால் ஏறி வருவார்.' இப்போது அவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். நேர்ச்சையை நிறைவேற்றாவிட்டால் மறுபடி தாக்கும் என்ற பயத்தில் மனைவிக்குத் தூக்கமில்லை. வலது முழங்காலில் விறைப்பு உள்ளவர் படியில் முழங்காலிட்டால் என்ன ஆகும் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

நேர்ச்சை செய்தவரை மட்டுமே அது கட்டும், இன்னொருவர் பேரில் செய்ததால் அந்த இன்னொருவர் கடன்படுவதில்லை (1193). அதற்கு இணையான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளும் உரிமை செய்தவருக்கே உண்டு (1197). விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கும் உண்டு. இதைக் கேட்டதும் மனைவி முதலில் நம்பவில்லை, எழுதித் தரச் சொன்னார். பங்குத்தந்தை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை, பங்கின் அதே அன்பியத்தில் (அக்கம்பக்க வீடுகளின் சிறு குழுவில்) படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், அவரைக் கவனித்துக்கொள்ளும் மகளை இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பிவைப்பது என்று மாற்றிக்கொண்டார். அந்த யோசனை அவருடையதே. முதல் ஆறு மாதம் தனக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

ஓராண்டு முடிவில்

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருக்கிறார். வலது கை இன்னும் பிடிக்காது. இரண்டு, மூன்று சொல் வாக்கியங்கள் வருகின்றன, களைத்தால் 'இல்ல' மட்டும். பேச்சு இன்னும் முன்னேற இடமிருக்கிறது. உடல் மீட்சியின் வேகம் முதல் சில மாதங்களோடு தணிந்தாலும், பேச்சு ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேறுவது உண்டு.

பங்கில் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். மகள் வாசகத்தை வாசிக்கட்டும், அவர் பக்கத்தில் நின்று முடிவில் வரும் ஒரு வரியை மட்டும் சொல்லட்டும், அது தானாகவே வாயில் வந்துவிடும் என்று. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. இடது கையை வீசி, "வேண்டாம். பாவம்... பார்க்கிறாங்க" என்றார். வாசலில் நின்று பாடல் தாள் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு இடது கை போதும்.

மகளுக்குக் கடவுள்மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. அப்பாவைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவளைக் கேட்பதில்லை. மகன் பண்டிகைக்கு மட்டுமல்லாமல் மாதம் ஒருமுறை வருகிறான், செபமாலையின்போது அறையில் இருக்கிறான், சொல்வதில்லை. அக்கா இரண்டு முறை மாத்திரையைக் குறைக்கச் சொன்னதாகத் தெரிகிறது. மனைவி கேட்கவில்லை.

பிப்ரவரி 11 திருச்சபையின் உலக நோயாளர் தினம். 1992-இல் இரண்டாம் ஜான் பால் அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் அந்தப் பங்கில் விழுங்கல் சிரமம் உள்ளவர்களுக்கு நற்கருணை கொடுப்பது எப்படி என்று பணியாளர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி வைப்பதாகப் பேச்சு. ஸ்பீச் தெரபிஸ்ட் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழக்கிக் காட்ட உட்காரப்போகும் ஆள் யார் என்று கேட்டதற்கு, தந்தை தன்னைத் தொட்டுக் காட்டினார்.